ஓ பாசிட்டிவ் என்கிற பாப்பா

போட்டோமா, போடவில்லையா. அடுப்பை அணைத்தோமா, தண்ணீர்க் குழாயை மூடினோமா என்று பாதி வழியில் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்து நிரஞ்சனா ஒரு காலத்தில் சிரித்திருக்கிறாள். இப்போது கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தபடி அவளும் அதே நெஞ்சைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் பிடிப்பதற்குக் கை இல்லை. வலது கை பாப்பாவின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தது, நிறுத்தினால் புருவம் சுருங்கியது. இடது கையின் மேல் பாப்பா தலை வைத்துத் தூங்கியது. அந்தக் கை மரத்துப்போய், முழங்கைக்குக் கீழே தனக்கு ஒன்றுமே இல்லையோ என்று சந்தேகப்படும் நிலைக்கு அவள் வந்திருந்தாள். நேற்று ராத்திரி முழுக்க வயிற்றை முறுக்கிக்கொண்டு கத்திய பிள்ளை. காலையில் கத்திற்று, குளிக்கும்போது கத்திற்று, ஓம வாட்டர் கொடுத்ததற்காகத் தனியாகக் கத்திற்று. இப்போதுதான், ஏதோ சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட மாதிரி, அவள் கையைப் பிணையாக வாங்கிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறது. நாலு மணிக்கு அந்தப் புரோகிராம் தானாகவே ஓடும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், தினமும் நாலு மணிக்கு, யாரையும் கேட்காமல். அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்த அவள் லேப்டாப் கால்மாட்டு மேஜையில், மூடி திறந்தபடி, முதுகை அவளுக்குக் காட்டிக்கொண்டு இருந்தது. போன் சமையலறையில் சார்ஜில். போட்டோமா. மைனஸ் ஒன்று. ஒரு கமா, ஒரு சின்னக் கோடு, ஒரு ஒன்று, அவ்வளவுதான். வீட்டைக் கொளுத்துவதற்கும் ஒரு குச்சிதான் வேண்டும்.

கோயம்புத்தூரில் சின்னச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்குக் கணினி வேலை செய்து கொடுக்கும் ஆபீஸ் அது. பிள்ளை பெற்ற அம்மாக்களுக்கு, நாளைக்கு உங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி, மறக்காமல் வாருங்கள் என்று முதல் நாளே செய்தி அனுப்பும் வேலையை நிரஞ்சனா பெர்ல் என்கிற கணினி மொழியில் எழுதியிருந்தாள். ஒவ்வொரு அம்மாவும் ஒரு வரி. வரிக்குள் கட்டம் கட்டமாக விவரம்: அம்மா பேர், போன் நம்பர், ஊர், ஊசி போடும் தேதி, குழந்தையின் ரத்த வகை, கடைசியில் குழந்தையின் பேர். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே நட்டமாக ஒரு கோடு, கல்யாணப் பந்தியில் இலைக்கும் இலைக்கும் இடைவெளி மாதிரி. ஸ்ப்ளிட் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அந்தக் கோடுகள் இருக்கும் இடத்தில் எல்லாம் வரியை அறுத்துத் துண்டு துண்டாகக் கையில் கொடுத்துவிடும். நல்ல வேலைக்காரன். ஆனால் அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். வரியின் வாலில் இருக்கும் கட்டம் காலியாக இருந்தால், இதில்தான் ஒன்றுமில்லையே என்று யாரிடமும் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடுவான். நடுவில் காலி என்றால் விட்டு வைப்பான், வாலில் காலி என்றால் வைக்க மாட்டான். அப்படிப் போடாதே, காலியாக இருந்தாலும் எனக்கு வேண்டும் என்று அவனுக்குச் சொல்வதற்குத்தான் அந்த மைனஸ் ஒன்று. அவளோ பேரைக் கடைசியிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தாள், ஏனென்றால் சில ஆஸ்பத்திரி ஊருக்கு ஒரு கட்டம் வைத்திருக்கிறது, சிலது தெருவுக்கும் சேர்த்து இரண்டு வைத்திருக்கிறது, முன்னாலிருந்து எண்ணினால் ஆளுக்கு ஆள் மாறும். கடைசியில் இருப்பதுதான் பேர். பேர் காலியாக இருந்தால் அதற்குப் பதில் வரிசையாகப் புள்ளி வை என்றும் எழுதியிருந்தாள். அதை எழுதியது நினைவிருக்கிறது, எழுதும்போது பாப்பா விக்கியது வரைக்கும் நினைவிருக்கிறது. மைனஸ் ஒன்று நினைவில் இல்லை. அது இல்லையென்றால் காலிக் கட்டம் பறந்துவிடும், அதற்கு முந்தின கட்டம் கடைசிக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். முந்தின கட்டம் ரத்த வகை.

வணக்கம். நாளை உங்கள் குழந்தை ஓ பாசிட்டிவுக்குத் தடுப்பூசி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு வயிற்றைக் குலுக்கியது, குலுக்கல் கை வழியாகப் பாப்பாவின் தலைக்குப் போனது, பாப்பா உதட்டைப் பிதுக்கிற்று, அவள் சிரிப்பை அப்படியே உள்ளே இழுத்துப் பூட்டினாள். உள்ளே போன சிரிப்பு பயமாகத்தான் திரும்பி வந்தது. வெளிநாட்டில் என்றால் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இந்தக் கதி. இங்கே எந்தப் பிள்ளைக்கு இந்த வயதில் பேர் இருக்கிறது? பிறந்த நேரம் குறித்து, ஜோசியரிடம் எழுத்து வாங்கி, அந்த எழுத்தில் இரண்டு வீட்டுக்கும் பிடித்த ஒன்றைத் தேடி, கூட்டுத்தொகை பார்த்து, மாமனார் வழியில் அந்தப் பேரில் ஓடிப்போனவர் யாரும் உண்டா என்று விசாரித்து, பிறகுதான் பேர். அதுவரை ஆஸ்பத்திரிச் சீட்டில் பேபி ஆஃப் இன்னார். அவள் பாப்பாவும் பேபி ஆஃப் நிரஞ்சனாதான். இதே ஆஸ்பத்திரி, இதே கோப்பு, நாளைக்குத்தான் ஊசி. ஆகவே நாலு மணிக்குக் கொங்கு நாடு முழுவதும் கைக்குழந்தைகள் ஏ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் என்று ஞானஸ்நானம் பெறப்போகிறார்கள். எங்கேயோ ஒரு பி நெகட்டிவ் இருக்கும். அதன் பாட்டி அந்தச் செய்தியைப் படிப்பாள். நெகட்டிவ் என்று படித்து, என்னவோ ஏதோ என்று நெஞ்சடைத்து, பச்சை உடம்புக்காரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அங்கே டாக்டரம்மா கேட்பாள், இதை எழுதியது யார். ஆபீஸில் வின்சென்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கோபப்பட்டால் பரவாயில்லை, துடைப்பார். பிரசவ லீவு முடிந்து வீட்டிலிருந்தே செய்யட்டும், பாவம், நம்ம பொண்ணு என்று சொல்லிக் கொடுத்த முதல் வேலை. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கம்மா என்பார். அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு தேதி கிடையாது. அந்தக் கட்டமும் காலியாகவே இருக்கும்.

இது அவளுக்குப் புதிது இல்லை, இதை அவள் ஏழாவதிலேயே அனுபவித்தாயிற்று. கான்வென்டில் சிஸ்டர் பெனிட்டா முகம் பார்த்துப் பிள்ளைகளை அறிய மாட்டார், கண்ணாடி அவ்வளவு தடிமன். பெஞ்ச் கணக்குதான். மூன்றாவது பெஞ்சின் கடைசிப் பெண் பர்வீன், அவளுக்கு முந்தியவள் நிரஞ்சனா. பர்வீனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து லீவு போட்ட அன்றைக்கு மழை, பெஞ்சின் நடுவில் ஒழுகல், எல்லோரும் சொட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஒரு இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். சிஸ்டர் தலையைத் தூக்காமல், தேர்ட் பெஞ்ச், லாஸ்ட் கர்ள், ஸ்டாண்ட் அப் என்றார். நிரஞ்சனா எழுந்தாள். நேற்றும் இம்போசிஷன் எழுதவில்லை, இன்றும் எழுதவில்லையா, நீல் டவுன் என்றார். அவள் பர்வீன் இல்லை என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாள், சிஸ்டர் முன்னால் வாய் திறந்தால் காற்றுதான் வரும், மதிய மணி அடிக்கும் வரை பர்வீனாக முட்டி போட்டாள். வீங்கியவள் வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விஷயம் தெரிந்து சிஸ்டர் சிரிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. யார் வரவில்லையோ அவள் இடத்தில் டஸ்டரை வையுங்கள், ஒருத்தியும் நகரக் கூடாது என்று சட்டம் போட்டார். அதிலிருந்து பர்வீன் வரும்வரை நிரஞ்சனாவுக்குப் பக்கத்தில் ஒரு டஸ்டர் உட்கார்ந்திருந்தது. சாக்பீஸ் தூளோடு, ரொம்ப அடக்கமாக. மைனஸ் ஒன்று என்பது அந்த டஸ்டர்தான். பதிமூன்று வயதில் முட்டி தேயக் கற்றதை மறந்துபோய் இப்படிப் படுத்துக் கிடக்கிறாளே.

பாப்பாவின் மூச்சு கேட்கவில்லை. அவள் தட்டுவதை நிறுத்தினாள். கேட்கவில்லை. குனிந்து காதை மூக்கருகே கொண்டுபோக முடியாது, கை நகரும். ஊதிப் பார்க்கலாமா என்று யோசித்து, தூங்குகிற பிள்ளையின் முகத்தில் எந்தத் தாயாவது ஊதுவாளா என்று தன்னையே திட்டிக்கொண்டு, ஊதினாள். பாப்பா மூக்கைச் சுளித்து ஒரு நீளமான மூச்சை, பெரிய மனுஷி சலித்துக்கொள்வது போல விட்டது. இருக்கிறது. இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு உள்ளங்கால் வியர்த்தது. இப்படி நாளுக்கு எத்தனை தடவை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவளுக்கு இது ஒன்றுதான் பொழுதுபோக்கு. பேர் வைக்காததற்கும் ஊர் முழுக்க ஆயிரம் காரணம் சொன்னாள், அவள் அம்மா சொல்கிற பேர் அத்தைக்குப் பிடிக்கவில்லை, அத்தை கொண்டுவருகிற பேருக்கு ஐந்து எழுத்து இருக்கிறது, கணவன் பிரகதீஸ் வைக்கச் சொல்லும் தூய தமிழ்ப் பேரை அவனாலேயே ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நிஜக் காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பேர் வைத்துவிட்டால் கூப்பிடலாம். அவள் மட்டுமா, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஜுரம் கூப்பிடும், இன்னும் என்னென்னவோ கூப்பிடும். பேர் இல்லாவிட்டால் யாரைத் தேடுவார்கள் என்று ஒரு கணக்கு. இங்கிலீஷ் மீடியத்தில் அறிவியல் படித்து நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள் போடுகிற கணக்கா இது. ஆனால் இன்றைக்குப் படுத்துக்கொண்டே யோசித்ததில் அந்தக் கணக்கின் ஓட்டையும் தெரிந்துவிட்டது: காலிக் கட்டத்தை யாரும் தேட மாட்டார்கள் என்பது சரிதான், கூடவே அதைத் தூக்கியும் போட்டுவிடுவார்கள்.

ஹாலில் அத்தை இருக்கிறாள். மரகதம் அத்தை, பிரகதீஸின் அம்மா, பேத்தியைப் பார்த்துக்கொள்ள அந்தியூரிலிருந்து வந்தவள், பேத்தி தூங்கும்போது டிவியில் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு சீரியல் பார்ப்பாள். யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்காது, அதனால் என்ன, அவளே பேசிக்கொள்வாள். இப்போதும் மெல்லிய முணுமுணுப்பாக, மாமியாருக்கு ஒரு குரலும் மருமகளுக்கு ஒரு குரலுமாக வந்துகொண்டிருந்தது. மருமகள் குரல் கொஞ்சம் மட்டமாகத்தான் இருந்தது. கூப்பிட்டால் பாப்பா எழும். கிலுகிலுப்பையை ஆட்டினால் எழும். கால் கட்டைவிரலால் லேப்டாப்பைத் திருப்ப முயன்றாள், மேஜைக்கும் விரலுக்கும் நடுவே பெட்ஷீட் சுருண்டு நின்றுகொண்டு, கொஞ்சம் பொறு என்றது. கடைசியில் தலைமாட்டில் கிடந்த துணியை, காய்ந்ததா நனைந்ததா என்று பார்க்காமல், கதவைப் பார்த்து வீசினாள். நனைந்தது. அது தொப்பென்று வாசற்படியில் விழ, ஹாலில் மாமியாரும் மருமகளும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினார்கள்.

அத்தை பூனை மாதிரி வந்தாள். வந்து துணியை எடுத்து மோந்து பார்த்து, எதுக்கு அம்மிணி துணியை வீசறே என்று உதட்டசைவில் கேட்டாள். கம்ப்யூட்டரில் ஒன்று போட வேண்டும், நாலு மணிக்குள் போடாவிட்டால் என் வேலை போய்விடும் என்று நிரஞ்சனா கிசுகிசுத்தாள். அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், எது விலை அதிகம் என்று நிறுத்துப் பார்த்தவளாக, புடவையில் கை துடைத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிற விரல். எஸ், பி, எல், ஐ, டி என்று தொடங்கும் இடத்தைத் தேடச் சொன்னாள் நிரஞ்சனா. அத்தை மேலிருந்து கீழே, கோலத்தில் தப்பு தேடுகிறவள் போல மூக்கை வைத்துத் தேடி, கிடைத்துவிட்டது என்று தலையாட்டி, அப்படின்னா என்ன என்று கேட்டாள்.

"பிரிக்கறதுங்க அத்தை."

"எதைப் பிரிக்கறது?"

"வரியைங்க."

அதுதானே பார்த்தேன் என்கிற முகத்தோடு அத்தை அந்த வரியை மெதுவாகப் படித்தாள். சாய்ந்த கோடு, மறுபடி ஒரு கோடு, டாலர், ஏதோ எழுத்து, கடைசியில் புள்ளியும் அதன் கீழே வாலும். வாலுக்கு முன்னால் மைனஸ் ஒன்று இருக்கிறதா என்று நிரஞ்சனா கேட்டாள், கேட்கும்போதே விடை தெரிந்திருந்தது. இல்லை. போடவில்லை. அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுவதற்கும் குலுங்க வேண்டும் என்பதால் தள்ளிப் போட்டாள். வாலுக்கு முன்னால் ஒரு கமா, அப்புறம் மைனஸ், அப்புறம் ஒன்று. அத்தையின் விரல் பட்டனுக்கு மேலே நின்றது.

"மைனஸா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

"அது சும்மா ஒரு குறிங்க அத்தை."

"பச்சப் புள்ளைகளுக்குப் போற சேதியில கழிக்கறதா கண்ணு?"

"கழிக்கறதில்லைங்க. ஒண்ணையும் கழிக்காதேன்னு சொல்றதுங்க. போடுங்க, உங்க கால்ல விழறேன்."

அத்தை தட்டினாள். கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்கச் சொன்னாள் நிரஞ்சனா, அமுக்கினாள். ஆச்சு என்றாள். எழுந்து போகும்போது அந்த நனைந்த துணியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். நிரஞ்சனாவின் உடம்பில் இருந்த எலும்பெல்லாம் ஒரே சமயத்தில் இளகிற்று. அத்தையைப் பற்றி இதுவரை மனதில் நினைத்ததை எல்லாம், அம்மாவிடம் போனில் சொன்னதையும் சேர்த்து, ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கினாள். ஓம வாட்டர் விஷயத்தில் மட்டும் வாங்கவில்லை. ஜன்னல் வழியாக வெயில் பாப்பாவின் காதில் விழுந்து காது சிவப்பாக, ஒளி புகும் செம்பருத்தி இதழாகத் தெரிந்தது. உள்ளே ஓடுவது ஓ பாசிட்டிவ். தன்னுடையதும் அதுதான். பேரில் இல்லாவிட்டாலும் ரத்தத்தில் ஒரே கட்டம் என்று நினைத்துக்கொண்டே கண் சொருகினாள். கீழே ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது. தினமும் அது வருவது நாலு மணிக்கு. ஓடியிருக்கும். போய்ச் சேர்ந்திருக்கும்.

அத்தை டம்ளரில் காப்பியோடு வந்து, அதை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து, குனிந்து, காதோடு சொன்னாள்.

"நீ வெசனப்படாதே அம்மிணி. மைனஸ் எதுக்குன்னு நான் ப்ளஸ்ஸே போட்டுப்புட்டேன். எல்லாம் நல்லபடியா நடக்கும்."

நிரஞ்சனா காப்பியைப் பார்த்தாள். காப்பியில் ஆடை படர்ந்துகொண்டிருந்தது. ப்ளஸ் ஒன்று. ப்ளஸ் ஒன்று என்றால் என்ன? ஸ்ப்ளிட்டுக்கு வாலில் ஒரு நம்பர் கொடுத்தால், அத்தனை துண்டுக்கு மேல் போடாதே என்று அர்த்தம். இரண்டு என்றால் இரண்டு துண்டு. ஒன்று என்றால் ஒரே துண்டு. ஒரே துண்டு என்றால் வெட்டவே வெட்டாது, முழு வரியும் முழுசாகவே கிடக்கும், கடைசிக் கட்டமும் அதுதான், முதல் கட்டமும் அதுதான். அப்படியானால் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வரி முழுக்கப் போயிருக்கும். உங்கள் குழந்தை சுகன்யா கோடு போன் நம்பர் கோடு பெருந்துறை கோடு நாளைய தேதி கோடு ஓ பாசிட்டிவ் கோடு, அதற்குத் தடுப்பூசி. ஓ பாசிட்டிவ் என்று ஒரு பேராவது நறுக்கென்று இருந்தது. அத்தனை அம்மாக்களுக்கும். போன் நம்பரோடு. வின்சென்ட் சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தே போடுவார். மரத்த கையில் எறும்பு ஊர்கிற மாதிரி உயிர் திரும்பி வந்தது, வேண்டாத நேரத்தில். இரு. போன் நம்பர். போன் நம்பரோடு போயிருக்கும் என்றால், எந்த நம்பருக்குப் போயிருக்கும்? நம்பர் இரண்டாவது கட்டத்தில்தானே இருக்கிறது. வரியை வெட்டவே இல்லையென்றால் இரண்டாவது கட்டம் ஏது? நம்பர் இல்லாவிட்டால் அந்த வரியைத் தாண்டிப் போ என்று அவளே எழுதியிருக்கிறாள், அதை எழுதியது பளிச்சென்று நினைவிருக்கிறது, அப்போது பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. முதல் வரி, நம்பர் இல்லை, தாண்டு. அடுத்தது, நம்பர் இல்லை, தாண்டு. ஒருத்திக்கும் போகவில்லை. கொங்கு நாட்டில் ஒரு பிள்ளைக்கும் ரத்த வகையால் பேர் வைக்கப்படவில்லை. அந்தப் புரோகிராம் நாலு மணிக்குச் சரியாக எழுந்து, கோப்பு முழுவதையும் ஒரு தடவை வலம் வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அத்தையின் ப்ளஸ் அதைக் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

இந்தத் தடவை சிரிப்பை அவளால் பூட்ட முடியவில்லை. கட்டில் ஆடிற்று. பாப்பா கண்ணைத் திறந்து, இந்த வீட்டில் நியாயமே இல்லையா என்பதுபோல இருவரையும் பார்த்து, முகம் சிவந்து, வாய் திறந்து, ஒப்பந்தத்தைக் கிழித்தெறிந்தது. அத்தை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். என்ற சாமி, என்ற தங்கம், உங்க அம்மாளுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சு என்று நடை போட்டாள். நிரஞ்சனா தன்னுடையதல்லாத இடது கையைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடினாள். அங்கே அது இருந்தது, சிலுவை போட்டுக்கொண்டு, ப்ளஸ் ஒன்று. திரையின் அடியில், அனுப்பியவை: பூஜ்யம். அவள் ப்ளஸ்ஸை அழித்து மைனஸ் போட்டாள், போட்டதை வாய்விட்டுப் படித்தாள், மறுபடி படித்தாள், விரலால் தொட்டும் பார்த்தாள், பிறகு கையாலேயே ஓட விட்டாள். பாப்பாவின் அழுகைக்கு நடுவே ஹாலில் அத்தையின் போன் டிங் என்றது. ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பர் அத்தையுடையதுதான்.

அத்தை பேத்தியை ஒரு தோளிலும் போனைக் கை நீளத்துக்கு எட்டவும் வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். வணக்கம், நிரஞ்சனா. நாளை உங்கள் குழந்தை என்று வந்து, அங்கே நின்றாள். கண்ணைச் சுருக்கினாள். பாப்பாவும் என்னவோ என்று அழுகையைக் கொஞ்சம் நிறுத்தியது.

"இதென்ன அம்மிணி, பரீட்சைப் பேப்பராட்டம் புள்ளி புள்ளியா வச்சிருக்குது? கோடிட்ட எடத்தை நெரப்பணுமா?"

மற்ற நாளாக இருந்தால் நிரஞ்சனா, அது ஒன்றுமில்லைங்க என்று சொல்லியிருப்பாள். ஒன்றுமில்லை என்பது இன்றைக்கு வாயில் வரவில்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில், சாக்பீஸ் தூளோடு, நகராமல் உட்கார்ந்திருந்தது அது.

"அது பாப்பாவோட எடமுங்க அத்தை. யாரும் வந்து உட்காராம வச்சிருக்குது."

அத்தை மறுபடி போனைப் பார்த்தாள், கட்டைவிரலால் அந்தப் புள்ளிகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஜாக்கெட் துணி அளப்பது போல, அளந்தாள். நேற்று ஐந்து எழுத்தில் ஒரு பேர் சொன்னாளே, நிரஞ்சனா கேட்டும் கேட்காத மாதிரி எழுந்து போனாளே, அது.

"அஞ்செழுத்துக்கு எடம் பத்துமா கண்ணு?"

நிரஞ்சனா, ஒரு கையால் இன்னொரு கையைத் தேய்த்து உயிர் வரவழைத்துக்கொண்டே, பயத்தோடுதான், பத்துமுங்க என்றாள். எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்க.